செகண்ட்ஸ் போர்டு

“பேஷன்டுக்கு நீங்க என்ன வேணும்?” என்று நர்ஸ் கேட்டாள்.

“அண்ணனுங்க” என்றான் மகுடேஸ்வரன்.

நர்ஸ் நகர்ந்ததும் கட்டிலில் இருந்த பாண்டியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “என்கூடப் பொறந்த நாலும் பொம்பளைப் புள்ளைக. நீங்க யாரு சார்?”

“தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பட்டன் தைக்கிற மெஷின்ல இருந்த சென்சார் போர்டு எங்க கம்பெனியில செஞ்சதுங்க. நான் அங்க மேனேஜர்.”

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் என்று நினைத்தான். கோபம் இருக்காதா? ஊசி அருகே விரல் வந்தால் மெஷினை நிறுத்தத்தான் அந்த போர்டு. இப்போது அவளுடைய ஆள்காட்டி விரலில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டு. ஊசி நகத்தைத் துளைத்து எலும்பு வரை போயிருந்தது.

பத்து வருஷம் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு போர்டு கம்பெனிக்கு வந்தவன் மகுடேஸ்வரன். சோதனையில் தேறாத போர்டுகள் மாதம் ஒரு மூட்டை குப்பைக்குப் போவது அவனுக்குப் பொறுக்கவில்லை. தையல் கோணிய பனியனை யாராவது எறிவார்களா? செகண்ட்ஸ் என்று பாதி விலைக்கு விற்பார்கள். அவனும் அந்த போர்டுகளை மண்ணரைப் பகுதியில் இருந்த சின்னத் தையல் கம்பெனிகளுக்கு விற்றான்.

பார்த்துத்தான் விற்றான். விரல் வராதபோதும் மெஷினை நிறுத்திவிடுகிற போர்டுகளை மட்டும். கூடுதலாக நிற்பதில் யாருக்கு என்ன ஆபத்து? மூன்றே மாதத்தில் கழிவு பாதியானது. முதலாளி மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்.

நேற்று, ‘விபத்து நடந்த மெஷினில் இருந்தது’ என்ற சீட்டோடு ஒரு போர்டு திரும்பி வந்தது. அதன் வயர்களைச் சுருட்டிப் பனியன் துணியால் கட்டியிருந்தார்கள். முடிச்சின் மேல் பஞ்சுத்தூசி கனமாகப் படிந்திருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். “பழுதான போர்டைத் தெரிஞ்சே வித்தது நான்தான்னு எழுதியிருக்கேனுங்க. இதை உங்க முதலாளிகிட்டக் குடுங்க. எங்க கம்பெனி நஷ்டஈடு தந்துதான் ஆகோணும்.”

“உங்க வேலை?”

“போயிருமுங்க.”

“புள்ளைக இருக்கா?”

“ரெண்டு. அது கெடக்கட்டுமுங்க. உங்க விரலுக்கு நான்தானே பதில் சொல்லோணும்.”

பாண்டியம்மாள் இடது கையால் தாளை வாங்கினாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கையெழுத்தைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. மடித்து அவன் பைக்குள்ளேயே திருப்பிச் செருகினாள்.

“எனக்குப் பீஸ் ரேட்டு சார், முடிச்ச சட்டைக்குத்தான் காசு. அந்த போர்டு மாட்டுன நாள்லருந்து நிமிசத்துக்கு ஒருதரம் மெஷின் நின்னுச்சு. எப்பவும் முடிக்கிற சட்டையில பாதிகூட முடிக்க முடியல.”

“அதனால?”

“மூணாம் நாளே வயரைப் புடுங்கிக் கட்டிவச்சது நாந்தான் சார்.”