இடி இறங்கிய மூன்று இடங்கள்

"அவன் பக்கத்துச் சத்தம் ஒரு அளவுக்கு மேல ஏறவே கூடாது. அப்படி ஏதாவது ஆம்ப்ளிஃபயர் இருக்காம்மா?"

வித்வான் குரலைத் தாழ்த்திக் கேட்டார். இசைக்கருவிக் கடைக்கார அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"யார் பக்கம் சார்?"

"இப்ப வருவான். வந்தா உங்களுக்கே புரியும். அவன் பேரே இடி."

வித்வான், இடி இரண்டுமே பட்டப்பெயர்கள்தான். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், சைக்கிள் கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில், சத்தம் வெளியே போகாதபடி சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி நாலு பேர் நடத்திய இசைக்குழுவில் கிடைத்தவை. இவர் மெட்டை வாசிக்கும் லீட் கிட்டார். கண்ணை மூடிக்கொண்டு வாசித்ததால் வித்வான். அவர் பின்னால் தாளம் கொடுக்கும் ரிதம் கிட்டார். வாசித்தால் தகரம் அதிர்ந்ததால் இடி. இரண்டு கிட்டாருக்கும் சேர்த்து ஒரே ஆம்ப்ளிஃபயர், அதுவும் மழை வந்தால் கரகரக்கும். அந்த மாதிரி சந்தோஷம் வித்வானுக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

எல்லாம் ஒரு இசைப் போட்டி நாளோடு போயிற்று.

வித்வானின் லீடுக்கென்றே பாட்டில் ஒரு நீளமான இடம். மூன்று மாதம் விரல் தேயத் தயாரானார். மேடையில் அவர் ஆரம்பித்ததுதான் தாமதம், ஓங்கி அடித்துக்கொண்டு இடி குறுக்கே இறங்கியது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பரிசு போனது.

"ஒண்ணு நீ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!" என்று மேடைக்குப் பின்னால் வித்வான் கத்தினார்.

இடி கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அவர் கிட்டாரையே தொடவில்லை என்று டிரம்ஸ்காரர் சொன்னபோது, "நல்லது. அக்கம்பக்கத்துல நிம்மதியாத் தூங்குவாங்க" என்றார் வித்வான். எங்காவது பார்த்துக்கொண்டால் "சௌக்கியமா" என்பதோடு சரி.

இப்போது டிரம்ஸ்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். பிரிவு உபசாரத்தில் பழைய நாலு பேரும் அதே பாட்டை வாசிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். அன்று போலவே இரண்டு கிட்டாருக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர் வாங்கத்தான் இந்தக் கடை. வித்வானுக்கு ஒரே ஆசைதான். இந்தத் தடவையாவது தன் லீட் சபைக்கு முழுசாகக் கேட்க வேண்டும்.

இடி வந்து சேர்ந்தார். முடி போய்த் தொப்பை வந்திருந்தது. வந்ததும் வராததுமாகக் கடைக் கிட்டார் ஒன்றை மாட்டிக்கொண்டு, குமிழைத் திருகி, ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணாடி அலமாரி நடுங்கியது.

"அடேயப்பா! வயித்துல வந்து இடிக்குதுடா!"

"உன் வயிறு எல்லாத்துலயும்தான் இடிக்குது. லீடைக் கேளு முதல்ல."

முதல் ஆம்ப்ளிஃபயரில் ரிதம் கனமாக இருந்தது, லீட் காதைக் குத்தியது. இரண்டாவதில் லீட் வெண்ணெயாக வழுக்கியது, ரிதம் நனைந்த அட்டையைத் தட்டுவது போல இருந்தது. மூன்றாவதும் சரிப்படவில்லை.

"உங்க பழைய பாட்டு ஏதாவது வெச்சிருக்கீங்களா? கேட்டா எனக்கு ஒரு பிடி கிடைக்கும்" என்றார் கடைக்கார அம்மாள்.

வித்வான் செல்போனை எடுத்தார். போட்டியன்று பதிவான கேசட்டை டிரம்ஸ்காரர் போன வாரம்தான் செல்போனில் கேட்கும்படி மாற்றி அனுப்பியிருந்தார். வித்வான் நாலைந்து தடவை போட்டுப் பார்த்திருக்கிறார். முதல் இடி இறங்கியதுமே வயிறு எரிந்து நிறுத்திவிடுவார்.

இடியின் முகம் மாறியது. "பழசையெல்லாம் எதுக்குடா கிளறிக்கிட்டு? வா, வேற கடை பாப்போம்."

"ஏன், குட்டு வெளிப்பட்டுடும்னு பயமா?"

பெரிய ஸ்பீக்கரில் பாட்டு எழுந்தது. தகரக் கொட்டகை, முட்டை அட்டை, இருபத்து நாலு வயசு எல்லாம் திரும்பி வந்தன. தங்களையறியாமல் இருவர் தலையும் ஒன்றாக ஆடியது. லீட் ஆரம்பித்தது. முதல் இடி. பிறகு இரண்டாவது, மூன்றாவது.

"கேட்டீங்களா அநியாயத்தை?"

"கேட்டேன் சார்..." கடைக்கார அம்மாள் தயங்கினார். "லீட் நீங்கதானே?"

"நானேதான்!"

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மூணு இடத்துலயும் நீங்க தாளத்தை விட்டுட்டு முன்னால ஓடிட்டீங்க. அதுக்கப்புறம்தான் அவர் ஓங்கி அடிக்கிறார். உங்க தப்பையும் மூடி, டிரம்ஸையும் இழுத்துட்டு வந்து உங்களோட சேர்த்து விடுறார். இல்லேன்னா பாட்டு அங்கேயே சிதறியிருக்கும்."

"இருக்கவே இருக்காது. இன்னொரு தடவை போடுங்க."

இந்தத் தடவை காலால் தாளம் தட்டிக்கொண்டே கேட்டார். முதல் இடத்தில் கால் ஒரு பக்கம் இருக்க, லீட் தன்பாட்டுக்குத் தள்ளி ஓடியது. அப்புறம்தான் இடி. இரண்டாவது இடத்தில் காலை நிறுத்திவிட்டார். மூன்றாவதைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை.

திரும்பிப் பார்த்தார். இடி ஏதோ ஒரு ஆம்ப்ளிஃபயரின் விலைச்சீட்டை வெகு மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, இத்தனை வருஷமா மனசுக்குள்ள உன்னை ஏசிக்கிட்டே இருந்தேனேடா. ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"விடுடா."

"சொல்லுடா!" வித்வான் அவர் தோளைப் பற்றினார்.

இடி விலைச்சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லியிருந்தா அன்னிக்கோட நீ கிட்டாரையே விட்டிருப்படா. நான் விட்டா ரிதம்தானே போகும்?"