மஞ்சள் சீட்டு

“காப்பர்-டி போட்டிருக்கேனே சிஸ்டர், அப்புறம் எப்படி வந்துச்சு?”

“அது புள்ளை வராம பார்த்துக்கும், அவ்வளவுதான். நோய்க்கு அது காவல் இல்லம்மா. அதுக்கு ஆணுறை ஒண்ணுதான்.”

நர்ஸம்மா மாத்திரை அட்டையையும் உறைப் பெட்டியையும் அவள் பக்கம் தள்ளினார். கூடவே ஒரு மஞ்சள் சீட்டு. வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டுமாம். அவரும் வந்து மருந்து சாப்பிடாவிட்டால், இன்றைக்கு விரட்டினது நாளைக்கே திரும்பி வந்து உட்காருமாம்.

வீடு வரைக்கும் கால்தான் நடந்தது. விடிந்ததிலிருந்து விடுதிப் போர்வைகளுக்கு இஸ்திரி போட்ட தோள் விண்விண்ணென்று தெறித்தது.

எப்படிச் சொல்வது?

பதினான்கு வருஷத்தில் இன்னொரு ஆணை நிமிர்ந்து பார்க்கக்கூட அவளுக்கு நேரம் இருந்ததில்லை. ஆனால் சீட்டு அவள் கையிலிருந்து போகிறது. ‘எவன்கிட்ட வாங்கிட்டு வந்தே?’ என்பதுதான் முதல் பேச்சாக வரும். அவள் துணிப்பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாலும் வைப்பார்.

அவர் மேல் சந்தேகம் வராமல் இல்லை. அதைச் சொல்ல வாயில் தெம்பு இல்லை.

அலமாரி மேலிருந்த காகிதப் பையை இறக்கினாள். நல்ல முகமாக இருக்கும் நாள் பார்த்துக் கொடுக்கலாம். அதுவரை இதில் கிடக்கட்டும்.

அந்தப் பையை அவர் தொடமாட்டார். உன் குப்பை என்பார். எழுத்துத் தெரியாத நாளில், அச்சடித்த காகிதம் எதைக் கண்டாலும் பத்திரப்படுத்திவிடுவாள். எதில் என்ன இருக்குமோ என்ற பயம். போன வருஷம்தான் சலவைக்கூடத்து மூட்டைச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகினாள். வீட்டில் சொல்லவில்லை. கலெக்டர் வேலைக்குப் போறியா என்று சிரிப்பார்.

பைக்குள் விட்ட கையில் இன்னொரு மஞ்சள் வந்தது.

தண்ணீர் பட்டுக் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், துவைக்கப் போட்ட அவர் சட்டையின் பையிலிருந்து எடுத்தது. என்னங்க இது என்று கேட்டதற்கு, ‘கம்பெனிச் சீட்டு, தூக்கிப் போடு’ என்றார். போட மனசு வரவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் அடிவயிறு வலிக்க ஆரம்பித்தது. நின்றே வேலை பார்ப்பதால் என்று நினைத்திருந்தாள்.

விளக்கடியில் பிடித்து விரல் வைத்துக் கூட்டினாள். அதே ஆஸ்பத்திரி. மேலே அவர் பெயர். கீழே ஒரே வரி.

‘ம-னை-வி-யை உடன் அழைத்து வரவும்.’

இன்னொரு முறை கூட்டினாள். அதேதான் வந்தது.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம்.

இரண்டு சீட்டையும் மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்தாள். உறைப் பெட்டியையும்.

“என்னது இதெல்லாம்?”

“கம்பெனிச் சீட்டுங்க. நானே படிச்சுக் காட்டட்டுமா?”