ஒரு மடக்குத் தண்ணீர்

மக்கள் தொடர்புப் படிப்பில் பேராசிரியர் பரிமளம் முதல் நாளே கற்றுக்கொடுத்தது தண்ணீர் குடிப்பதைத்தான். பதில் சொல்லக் கூடாத கேள்வி வந்தால் தம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடிக்க வேண்டும். கீழே வைப்பதற்குள் வேறொரு நிருபர் வேறெதையாவது கேட்டுவிடுவார். செய்முறைத் தேர்வில் இளஞ்சேரனை மிஞ்ச ஆளில்லை. அதனால்தான் விடுதி மாணவி முத்துப்பேச்சி காய்ச்சலில் செத்துப்போனதும், பல்கலைக்கழகத்தின் சார்பில் பேச அவனையே நிருபர்கள் முன்னால் உட்காரவைத்தார்கள். "நீ பேசினா நம்புவாங்கப்பா. உனக்குப் பச்சப்புள்ள முகம்," என்றார் பேராசிரியர். அவள் காய்ச்சலில் கிடந்தது பல்கலைக்கழகத்தின் தரம் பார்க்க ஆய்வுக்குழு வந்த வாரம்; மாணவிகள் யாரும் வெளியே போகக் கூடாது என்று விடுதிக் கேட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அவள் எழுதிய கடிதத்தையும் பேராசிரியர் அவனிடம் கொடுத்திருந்தார். எதைப் பேசக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. அந்தக் கடிதம் இப்போது மேசையில், இரங்கல் அறிக்கைக்கு அடியில் கிடந்தது. நான்கு முறை குடித்தான், நான்கு முறையும் தப்பித்தான். பிறகு கடைசி வரிசையிலிருந்து முத்துப்பேச்சியின் அப்பா எழுந்தார். "தம்பி, மூணு நாளாக் காய்ச்சல்னு எம்மவ லெட்டர் குடுத்தாளே, கேட்டை ஏன் தொறக்கல?" இளஞ்சேரன் தம்ளரை எடுத்தான். அடுத்த கேள்வியை யாரும் கேட்கவில்லை. நிருபர்கள் எல்லோரும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தீர்ந்துபோயிற்று. காலித் தம்ளரை அவன் உதட்டிலிருந்து எடுக்கவே இல்லை.

"மெதுவாக் குடிங்க தம்பி," என்றார் அவர். "எனக்கு இனிமே ஒரு அவசரமும் இல்ல."