மினதி கூடுதலாகச் சொன்னது

சுமலதா சொன்னது மூன்றே வாக்கியம். மினதி பேசிக்கொண்டே இருந்தாள்.

"உனக்கு எச்.ஐ.வி. இருக்குது. தினம் ஒரு மாத்திரை போட்டா நல்லா இருப்ப. கொழந்தைக்கும் வராம பாத்துக்கலாம்." இவ்வளவுதான். இதை ஒடியாவில் சொல்ல ஐந்து நிமிடமா?

எதிரே ஜெமா. ஐந்து மாத வயிறு. தளவானூர்ப் பக்கத்துச் சூளையில் செங்கல் அறுக்க ஒடிசாவிலிருந்து புருஷனோடு வந்தவள். தமிழில் ஒரு சொல் தெரியாது.

மொழி தெரிந்த ஆளுக்காகச் சுமலதா காலையிலிருந்து நாலு இடத்துக்குப் போன் போட்டு அலுத்துப்போயிருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. ஆலோசகர் என்று பெயர், ஆலோசனை சொல்லத்தான் வழியில்லை. கடைசியில் ஜெமாவே தன்னோடு வேலை செய்யும் மினதியைக் கையோடு கூட்டி வந்தாள்.

எட்டு வருடமாகத் தமிழ்நாட்டுச் சூளைகளில் உழல்பவள் மினதி. "நா சொல்றேன் அக்கா" என்று, யாரும் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த ஆர்வம்தான் சுமலதாவுக்குப் பிடிக்கவில்லை.

ஒரே சூளை, பக்கத்துப் பக்கத்துக் குடிசை. சாயங்காலம் குழாயடியில் இவள் வாயைத் திறந்தால் போதும், மேஸ்திரி தனகோட்டி காதுக்குப் போய்விடும். மறுநாளே புருஷனையும் பெண்டாட்டியையும் ரயிலேற்றிவிடுவான். அப்புறம் எந்த ஊர், எந்த மாத்திரை? வயிற்றில் இருக்கும் பிள்ளை என்ன ஆகும்?

மூன்று மலையை வளைத்துக் கோட்டை கட்டிய ஊரில், இந்த ரகசியத்துக்குக் காவல் ஒரே ஒரு பிளைவுட் கதவு. இரண்டு பேரையும் அழைத்து வந்து வெளியே காத்திருந்த தனகோட்டி அதைத் தட்டினான்.

"இன்னா மேடம், சத்து மாத்திர குடுக்க இவ்ளோ நேரமா? அங்க வேல கெடக்குது."

"இருங்க, வந்துடுவாங்க." சுமலதா உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

மினதி நிறுத்தவில்லை. தலையைத் தொட்டுக் காட்டினாள். கண்ணை மூடித் திறந்தாள். அழுதுகொண்டிருந்த ஜெமா சட்டென்று நிமிர்ந்து அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சுமலதாவுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நேரம் இவள் எதைச் சொல்லிப் பயமுறுத்தினாளோ!

"நான் சொல்லாததெல்லாம் இன்னா சொல்ற நீ?"

மினதி கதவை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மொத வாரம் தல சுத்தும், கெட்ட கனா வரும், பயந்து நிறுத்திடாத, அப்றம் சரியாப் போவும்னு சொன்னேன். டப்பாவ அரிசி மூட்டைல வெச்சா யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொன்னேன்."

சுமலதாவின் பயிற்சிப் புத்தகத்தில் அரிசி மூட்டை கிடையாது. அவள் மினதியின் முகத்தை அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். அவ்வளவு நேரம் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

"எனக்கும் ஒரு டப்பா குடு அக்கா. தீந்து பதினோரு நாள் ஆவுது. மேஸ்திரிகிட்ட இன்னா சொல்லிட்டு இங்க வர்றதுன்னு தெரியல. இன்னிக்கித்தான் ஒரு சாக்கு கெடச்சுது."