பதினாறில் ஒன்று

"ஒரு குழந்தையைக் கொல்லப் பார்த்திருக்கே நீ. தெரியுதா?"

பிழை திருத்தும் பிரிவின் தலைவர் தன் கண்ணாடி அறைக்குள்ளிருந்தே கத்தினார். வெளியே தன் மேசையில் உட்கார்ந்திருந்தவள், அனுப்பிய தாளை அவசரமாக மறுபடி திறந்தாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் விவரத்தாள்களைத் தயாரிப்பது அவள் வேலை. சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது; இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் நிரந்தரம்.

"இருமல் மருந்து. ரெண்டு வயசுக் குழந்தைக்கு ரெண்டரை மில்லி. நீ அனுப்பின தாள்ல இருபத்தஞ்சுன்னு இருக்கு. நடுவுல புள்ளியைக் காணோம். ஒரு இடத்துல இல்ல, நாலு இடத்துல!"

"என் திரையில புள்ளி இருக்கே சார்..."

"உன் திரையில இருக்கும். கம்ப்யூட்டர்ல கண்ட கண்ட பேக்கேஜைப் போட்டு வச்சிருக்கியே, அது உனக்கு ஒண்ணு காட்டும், சேமிக்கும்போது வேற ஒண்ணு பண்ணும். எனக்கு வந்து சேர்றதுதான் கணக்கு."

அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். இருபத்தெட்டு வருஷமாக அவர் கையெழுத்து இல்லாமல் எந்தத் தாளும் அச்சுக்குப் போனதில்லை. அவர் தப்பு என்று சொல்லிவிட்டால் முதலாளியே மறுபேச்சுப் பேச மாட்டார்.

பேக்கேஜ் விஷயத்தில் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. அலுவலகம் கொடுத்த எடிட்டர் வெறுமனே எழுதுவதற்கான மென்பொருள். வேண்டுமானால் வெளியாட்கள் எழுதிய துணைப் பேக்கேஜ்களைத் தேடி எடுத்து அதோடு சேர்த்துக்கொள்ளலாம். பொதுப் பட்டியலில் அவை ஆயிரக்கணக்கில் கிடந்தன. கடைசியாக எப்போது திருத்தினார்கள், எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், யார் யார் திட்டியிருக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்துப் பார்த்துப் போன வாரம் பதினாறைப் பொறுக்கினாள். தன் கல்யாணத்துக்குக்கூட அவள் அவ்வளவு விசாரித்ததில்லை.

ஆனால் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதுதான் இப்போது கழுத்தைப் பிடித்தது.

"ஊர் பேர் தெரியாதவன் எழுதினதையெல்லாம் நம்பி மருந்துத் தாள் போடுவியா? ரெண்டு மணிக்கு மிஷின் ஓடியாகணும். அதுக்குள்ள எந்தப் பேக்கேஜ்னு கண்டுபிடி. இல்லேன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்."

மணி ஒன்று இருபது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கண்ணாடி அறையின் ஜன்னல் முழுக்க வெயில். உள்ளே மேசை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க நேரமில்லை. முதலில் பாதியை நிறுத்தினாள். தாளைச் சேமித்து அனுப்பினாள்.

"இப்ப பாருங்க சார்."

"இருபத்தஞ்சு."

அப்படியானால் குற்றவாளி மிச்சமிருக்கும் எட்டில் இருக்கிறது. அதில் நாலை நிறுத்தி மறுபடி அனுப்பினாள்.

"இப்ப?"

"இருபத்தஞ்சுதான். எத்தனை தடவை கேட்பே?"

மேசைத் தொலைபேசி அலறியது. அச்சுக்கூட மேஸ்திரி.

"காகிதம் ஏத்தியாச்சும்மா. ஓட்டட்டுமா, வேண்டாமா?"

"பத்தே நிமிஷம் அண்ணே. கையைக் காலா நினைச்சுக் கேட்கறேன்."

நாலு இரண்டாகியும் இருபத்தைந்து மாறவில்லை. மிஞ்சிய இரண்டில் ஒன்று தலைப்புகளுக்கு நிறம் தருவது, பரம சாது. இன்னொன்று, சேமிக்கும்போது வேண்டாத இடைவெளிகளைத் துடைத்துச் சுத்தம் செய்வது. உலகத்திலேயே நாற்பத்தொரு பேர்தான் அதை வைத்திருந்தார்கள். எழுதியவன் தன் படத்தைக்கூடப் போட்டிருக்கவில்லை. எடுக்கும்போதே அவளுக்கு மனசு ஒப்பவில்லை. வேலை சீக்கிரம் முடியுமே என்ற ஆசையில் எடுத்துவிட்டாள்.

நிறத்தை நிறுத்தினாள்.

"இருபத்தஞ்சு."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. துடைக்கிற மும்முரத்தில் புள்ளியையும் சேர்த்துத் துடைத்திருக்கிறான் பாவி! அவனைத் திட்டுவதா, அவனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த தன்னைத் திட்டுவதா என்று தெரியவில்லை. அந்தப் பேக்கேஜை அடியோடு நீக்கினாள். நாலு எண்களையும் அழித்துவிட்டுப் புதிதாக அடித்தாள்.

"கண்டுபிடிச்சுட்டேன் சார்! கடைசிப் பேக்கேஜ்தான். அதையும் எடுத்துட்டேன். இப்ப ஒண்ணுமே இல்ல, வெறும் எடிட்டர்தான். பாருங்க."

உள்ளே அவர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இருபத்தஞ்சு" என்றார்.



"அப்போ பேக்கேஜ் இல்ல, நீதான்" என்று அவர் எழுந்தே விட்டார். "புள்ளியே வைக்காம அடிச்சுட்டு, பழியைத் தூக்கி எவன் மேலயோ போடறே. போதும். பையை எடுத்துட்டுக் கிளம்பு."

மணி ஒன்று ஐம்பது. போகிற வேலை போகட்டும், பொய் சொன்னவள் என்ற பேரோடு போக அவளுக்கு மனசு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கண்ணாடி அறைக்குள் போனாள்.

"சார், உங்க திரையை ஒரே ஒரு தடவை நான் பார்த்துக்கறேன்."

"வா, நல்லாப் பாரு. நான் என்ன இல்லாததையா சொல்றேன்?"

அவர் மறுபடி உட்கார, நாற்காலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

திரையில் 2.5 என்று இருந்தது. நாலு இடத்திலும் 2.5. புள்ளி ஒவ்வொன்றும் மை தொட்டு வைத்ததுபோல் கறுப்பாக இருந்தது.

அவளுக்கு அழுகை நின்றுபோனது. அவர் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அந்த முகத்தில் துளி சந்தேகம் இல்லை.

அவர் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு விரலை நீட்டி, முதல் புள்ளிக்குச் சரியாகக் கீழே வைத்தார்.

"காட்டு பார்க்கலாம், புள்ளி எங்கே இருக்கு?"