நாற்பத்திரண்டாவது விலங்கு

போன சனிக்கிழமை அம்மாவோடு லண்டன் மிருகக்காட்சிசாலைக்குப் போன ஒன்பது வயது ஆரணி, நாற்பத்தொரு வகைப் பாலூட்டிகளைக் கண்டதாகக் கொப்பியில் எழுதியிருந்தாள். பறவையும் பாம்பும் சேர்த்தியில்லை. கண்ணால் கண்டது மட்டுமே கணக்கு. இந்தச் சனிக்கிழமை அப்பாவின் முறை. செஸ்டர் மிருகக்காட்சிசாலையில் அதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, குகதாசன் விடியவே காரை எடுத்து அவளைக் கூட்டிவந்திருந்தான். யாரோடு இருக்க விருப்பம் என்று பிள்ளையிடம் கேட்பதற்கு, நீதிமன்றத்திலிருந்து ஒரு பெண் திங்கட்கிழமை வீட்டுக்கு வருகிறாள்.

மாலைக்குள் நாற்பத்தொன்று ஆகிவிட்டது. நீர்நாய்தான் மிச்சம். அவன் அவளை இழுக்காத குறையாக நடந்தான். தொட்டியருகே வந்ததும் ஆரணி கொப்பியை மூடிவிட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"திரும்பிப் பாரன் பிள்ளை. உனக்குப் பின்னாலதான் நிக்குது."

"வேண்டாமப்பா. பாத்தா அம்மான்ரையை விடக் கூடிப்போடும்."

நீர்நாய் இரண்டு கைகளையும் கண்ணாடியில் வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. குகதாசன் மகளின் பக்கத்தில் வந்து, அவளைப் போலவே திரும்பி நின்றுகொண்டான்.

"அப்பாவும் காணேல்லை பிள்ளை" என்றான்.