அண்ணன் கொண்டுவந்த கணக்கு

"இந்த எடமும் தட்டிப்போச்சும்மா," என்றார் தரகர் வேடியப்பன், வாசலில் நின்றபடியே.

வள்ளியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "காரணம் இன்னாவாம்?"

"கேட்டுப் பார்த்துட்டேன். சொல்ல மாட்டேங்கறான். வேணாம், விட்ருங்கன்னு ஒரே பேச்சு."

பள்ளிப்பட்டில் கணக்கு வாத்தியாராக இருக்கும் பாலசுப்பிரமணியன், போன வாரம்தான் வந்து மனோரமாவைப் பார்த்துவிட்டுப் போனான். அவளிடம் நாலு வார்த்தை நேரிலேயே பேசினான். கிளம்பும்போது சிரிக்கக்கூடச் செய்தான்.

"காரணம் எனக்குத் தெரியும்," என்றான் துளசிங்கம்.

மனோரமாவின் அண்ணன். விசாகப்பட்டினத்தில் எம்.எஸ்ஸி., கடலைப் பற்றிய படிப்பு, கடைசி வருஷம். தீபாவளி லீவுக்கு வந்து பத்து நாளாகியிருந்தது.

"இவ பிசிக்ஸ்ல ஃபர்ஸ்ட் கிளாஸ். தன்னைவிடப் படிப்புல கெட்டிக்காரியான பொண்டாட்டின்னா அவனுக்குப் பயம். அவ்வளவுதான்."

"போன எடமும் இப்படித்தான் போச்சு," வள்ளியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பொண்ணுக்கு இத்தினி படிப்பு வேணாம்னு உங்க நைனா அப்பவே சொன்னாரு."

"அவளை ஒண்ணும் சொல்லாதம்மா! அவனுக்குத்தான் கொடுத்து வைக்கல. பயந்தாங்கொள்ளிப் பசங்க."

கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு கௌரியம்மாள் தலையை ஆட்டினாள். "அண்ணன்னா இப்படி இருக்கணும்டியம்மா."

மனோரமா தறிக்கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. இனிமேல் சொல்லவும் முடியாது.

துளசிங்கம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அழுவாத மனோ. இந்தா, உனக்குன்னு கொண்டாந்தேன்."

சைக்ளோஸ்டைல் செய்த தாள்கள். அவன் வகுப்பில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கணக்குகள்.

அந்தப் படிப்புக்கு அவளும்தான் ஆசைப்பட்டாள். 'பொட்டப்புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்ப மாட்டேன்' என்று நைனா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அண்ணன் மட்டும் போனான். ஆனால் ஒவ்வொரு லீவுக்கும் மறக்காமல் அவளுக்குக் கணக்குகளைக் கொண்டுவருவான்.

"நான் போட்டுட்டேன். உனக்கு வருதான்னு பாரு."

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் லாகரிதம் புத்தகத்தை எடுத்தாள்.

ஆழ்கடலிலிருந்து எடுத்த தண்ணீர். அதிலிருக்கும் கார்பன்-14, மேல் தண்ணீரில் இருப்பதில் நூற்றுக்கு எண்பத்திரண்டு பங்குதான். அந்தத் தண்ணீர் மேலேயிருந்து கீழே போய் எத்தனை வருஷமாகிறது?

"சுமாரா ஆயிரத்து அறுநூறு வருஷம் வருதுண்ணா. சரியா?"

"ஆங், சரிதான். ஆனா வெறும் விடை மட்டும் போதாது. எப்படிப் போட்டேன்னு முழுசா எழுது. அப்பதான் மனசுல நிக்கும்."

அடுத்தது, காற்று ஒரு திசையில் அடிக்க, கடல் தண்ணீர் ஏன் வலது பக்கமாக ஒதுங்குகிறது, எவ்வளவு ஒதுங்குகிறது என்ற கணக்கு. பூமி சுற்றுவதைச் சேர்த்துப் போட்டதும் விடை அழகாக வந்து விழுந்தது. மூன்றாவது கணக்குக்குப் போகும்போது அவள் அழுகை நின்றிருந்தது.

தனக்கு என்ன கொடுத்தால் ஆறுதல் என்று அம்மாவுக்குக்கூடத் தோன்றவில்லை. இவனுக்குத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

பங்குனி உத்திரம். மலையேறிச் சாமி பார்த்துவிட்டு அடிவாரத்துக்கு இறங்கி வந்தவள் அப்படியே நின்றாள்.

பாலசுப்பிரமணியன். கூடப் புதுத்தாலியோடு ஒரு பெண். தை மாசம் கல்யாணம் ஆனதாகக் கேள்விப்பட்டிருந்தாள். அந்தப் பெண் பூக்கடைப் பக்கம் போனதும், மனோரமா நேராக அவன் எதிரில் போய் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணுங்க. பொண்ணு படிச்சிருந்தா உங்களுக்கு அவ்வளவு பயமா?"

காவடி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் சிவந்துவிட்டது.

"பயமா? படிச்ச பொண்ணு வேணும்னுதாங்க உங்க வீட்டுக்கே வந்தேன். உங்களுக்குத்தானே என்னைப் பிடிக்கல?"

"யாரு சொன்னா?"

"எங்கள பஸ் ஏத்திவிட வந்தாரே, உங்க அண்ணன், அவருதான். 'என் தங்கச்சி மனசுல வேற ஒருத்தர் இருக்காரு. வீட்டுக்குப் பயந்துகினு உங்க முன்னாடி வந்து நின்னா. நீங்களே வேணாம்னு சொல்லிட்டா அவளுக்குப் பெரிய உபகாரம்'னாரு. வெளிய சொன்னா பொண்ணு பேரு கெட்டுடும்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரு. இன்னிவரைக்கும் நான் யாருகிட்டயும் மூச்சுவிடலீங்க."

அவன் மனைவி பூவோடு வந்துகொண்டிருந்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மனோரமா எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

காலை ரயிலில் வந்திருந்த துளசிங்கம் கூடத்தில் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வள்ளியம்மாள் அவனுக்குச் சூடாக வடை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா மனோ? உனக்காகத்தான் காத்துகினு இருக்கேன். வா, உக்காரு."

அவள் உட்காரவில்லை.

"அடிவாரத்துல பாலசுப்பிரமணியனைப் பார்த்தேன். பேசினேன்."

துளசிங்கத்தின் கை அப்படியே நின்றது. சமையல்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். அம்மா காதில் எதுவும் விழவில்லை. பிறகு தலை நிமிராமலேயே ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினான்.

"இந்த அஞ்சு கணக்கை மட்டும் போட்டுக் குடுத்துடு மனோ. நான் காலேஜ்ல குடுக்க வேண்டியது இதோட முடிஞ்சுது. பாஸாகி வந்ததும் உனக்கு நானே ஒரு நல்ல மாப்பிள்ளையா பார்த்துடறேன்."